படி யார் கையில்?

பழனி வட்டாரத்துக்கு வள்ளல்களின் நாடு என்ற பேர் உண்டு. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் ஆண்டது இந்த மலையடிவாரம். குமணனின் முதிர மலையைப் பழனிக்கும் உடுமலைக்கும் நடுவே உள்ள குதிரை மலையோடு சேர்த்துச் சொல்கிறவர்களும் உண்டு. கொடுத்தவர்களின் பெயர் இரண்டாயிரம் ஆண்டு தாண்டியும் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. வாங்கியவர்கள் 'இரவலர்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிப் போனார்கள். விதிவிலக்காகப் பெருஞ்சித்திரனார் இருக்கிறார். குமணனிடம் பரிசில் வாங்கி வந்தவர், அதை யாருக்கெல்லாம் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்று மனைவியிடம் சொல்வது புறநானூற்றில் 163ஆம் பாட்டு. குடும்பம் பசியில் கிடந்த நாட்களில் அளந்து கடன் கொடுத்தவர்களையும் அவர் அந்தக் கணக்கில் சேர்க்கிறார். அரசனுக்குச் செலுத்த வேண்டியது பாட்டு. அக்கம்பக்கத்துக்குச் செலுத்த வேண்டியது வாங்கிய அளவுக்குத் தானியம். உணவு உதவி வந்து சேரும் இரண்டு வழிகளும் அந்த ஒரு வீட்டுக்குள்ளேயே தெரிகின்றன.

பழனிக்கு வடக்கே, திண்டுக்கல் சமவெளியும் கொங்கு நாடும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் இருக்கும் கீரனூர்ப் பக்கத்து விவசாயச் சமூகங்களில் இந்த இரண்டு வழிகளும் எப்படி நடந்தன, எங்கே முறிந்தன, அவற்றின் இடத்துக்கு எது வந்தது என்பதுதான் இங்கே பேச்சு. கொடுத்தவர் மனசு எவ்வளவு பெரியது என்ற கேள்வியோடு போனால் இந்த வரலாறு பிடிபடாது. படி யார் கையில் இருந்தது, எவ்வளவு அளப்பது என்று யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டால்தான் பிடிபடும். அப்படிப் பார்க்கும்போது, 'அந்தக் காலத்தில் ஊரில் யாரும் பட்டினி கிடந்ததில்லை, களத்தில் எல்லாருக்கும் பங்கு இருந்தது' என்று நாம் விரும்பிச் சொல்லிக்கொள்ளும் கதை அவ்வளவு தேறாது என்பது என் வாதம்.

நிலத்தைச் சொல்லாமல் உதவியைச் சொல்ல முடியாது. தென்மேற்குப் பருவக் காற்று மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது ஈரம் தீர்ந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைதான் பிழைப்பு. ஆற்றோரத்திலும் குளத்தடியிலும் கொஞ்சம் நெல் விளையும். மற்றதெல்லாம் சோளம், கம்பு, கொள்ளு, நிலக்கடலை, பருத்தி. கிணறு உள்ளவருடையது தோட்டம், இல்லாதவருடையது காடு. கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில், ஒரு தோட்டம் பச்சையாக இருக்க வேண்டுமானால் மாதாரி தைத்துத் தரும் தோல் சாலும் தும்பியும் வேண்டும், தச்சர் செய்யும் உருளை வேண்டும், கொல்லர் அடிக்கும் கொழு வேண்டும். இவர்களில் யாருக்கும் வேலை முடிந்த கையோடு கூலி கிடையாது. ஆண்டு முழுக்க வேலை, வரவு அறுப்புக்குத்தான்.

அந்த வரவு வந்த இடம் களம். தரையைச் சாணி போட்டு மெழுகி, கதிரைப் பரப்பி, மாடுகளைப் பிணைத்து மிதிக்க விட்டு, காற்று திரும்பியதும் தூற்றுவார்கள். பொலி குவிந்த பிறகு அதன்மேல் சாணிப் பிள்ளையார் ஏறும். அளக்கத் தொடங்கும்போது முதல் அளவை 'ஒன்று' என்பதில்லை, 'லாபம்' என்பார்கள். வீட்டுக்கு மூட்டை போவதற்கு முன்பே சாமிக்கு ஒரு பங்கு, பிறகு தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார், மாதாரி, காவல்காரர் என்று ஒவ்வொருவருக்கும் அளந்து விடுவார்கள். பண்டாரம், தாதர், குடுகுடுப்பைக்காரர், பூம்பூம் மாட்டுக்காரர் என்று அறுப்புக் காலம் பார்த்து வருகிறவர்களுக்கும் முறத்தில் கொஞ்சம் விழும். 1960களின் நடுவில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்ந்து 1972இல் கொங்குக் குடியானவச் சமூகத்தைப் பற்றி நூல் வெளியிட்ட பிரெண்டா பெக், நிலம் வைத்திருந்த குடும்பங்கள் தொழிற்குடிகளுக்கு ஆண்டுக் கணக்கில் தானியம் அளந்ததைப் பதிவு செய்திருக்கிறார். பழக்கம் அவ்வளவு அண்மைக் காலம் வரை உயிரோடு இருந்தது.

களத்தில் கூர்ந்து பார்க்க வேண்டியது அளக்கும் கையை. படி ஒன்றுதான், அளவு ஒன்றல்ல. ஒருவருக்குக் கோபுரமாகக் குவித்து அளக்கலாம், இன்னொருவருக்குக் கையால் தலை வழித்து அளக்கலாம். பொலியின் நடுவிலிருந்து எடுத்தால் மணி. அடியிலிருந்து எடுத்தால் மண்ணும் கருக்காயும் கலந்தது. வாங்குகிறவர் துண்டை விரித்துக் குனிந்து நிற்கிறார், அளக்கிறவர் பேசிக்கொண்டே அளக்கிறார். போன மாதம் இழவு வீட்டுக்குக் கூப்பிட்டபோது தாமதமாக வந்தது, வெள்ளாமையில் ஆடு புகுந்தது, மகன் பஸ் ஏறி வெளியூர் வேலைக்குப் போனது எல்லாம் அந்த நேரத்தில்தான் பேச்சில் வரும். ஒரு வருஷ உழைப்பின் கணக்கு ஒருவருடைய அன்றைய மனநிலையில் தீர்ந்தது. இத்தனைக்கும் இதைக் கூலி என்று யாரும் சொல்வதில்லை. கூலி என்று சொன்னால் 'போதவில்லை' என்று சண்டை போட இடம் இருக்கிறது. கொடை என்று வந்துவிட்டால் கும்பிடத்தான் வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. களத்துப் பங்கு கொடை அல்ல, உரிமை. அதற்கு எழுத்துக் கணக்கே இருந்தது என்பார்கள். செங்கல்பட்டுப் பகுதியில் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு எடுத்த கணக்கெடுப்பு இதற்கு ஆதாரம். ஊர் விளைச்சலில் கோயிலுக்கு, சத்திரத்துக்கு, கணக்குப்பிள்ளைக்கு, வெட்டியானுக்கு, வைத்தியனுக்கு என்று முதலிலேயே கழிக்கப்பட்ட பங்குகள் அதில் ஊர்வாரியாக இருக்கின்றன. வரலாற்று ஆய்வாளர் தரம்பால் இந்த ஆவணங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். ஜிதேந்திர பஜாஜும் எம். டி. சீனிவாசும் 1996இல் எழுதிய 'அன்னம் பஹு குர்வீத' நூல், உணவைப் பெருக்குவதும் பகிர்வதும் இந்நாட்டின் ஒழுக்கமாகவே இருந்தது என்று வாதிட்டது. இதைத் தள்ளிவிட முடியாது. கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சி இந்தப் பங்குகளை வெட்டி, மானியங்களைக் குறைத்து, வரியைப் பணமாகக் கேட்டது என்பதும் உண்மை. திண்டுக்கல் சீமை 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியின் கைக்குப் போனது. பின்னால் வந்த ரயத்துவாரி ஏற்பாட்டில் அரசாங்கத்துக்குத் தெரிந்தவர் பட்டாதாரர் ஒருவர்தான். களத்தோரம் நின்ற ஆறு பேர் அதன் பதிவேட்டில் இல்லை.

ஆனால் அந்தக் கணக்கை நிதானமாகப் படித்தால் இரண்டு விஷயங்கள் உறைக்கும். செங்கல்பட்டு ஏரிப் பாசன நாடு. விளைச்சலை ஊர்ப் பொதுவில் கணக்கிட்டுக் கழித்த ஊர்கள். பழனிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் ஒவ்வொரு களமும் தனிக் களம். ஊர்க் கணக்கு இல்லாத இடத்தில் உரிமை என்பது வழக்கத்தின் பேரில் மட்டுமே நின்றது. பங்கு குறைந்தால் போய் முறையிட மன்றம் இல்லை. மன்றம் இருந்தாலும் அதில் உட்கார்ந்திருந்தவர் பக்கத்துக் களத்துக்காரர். இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். அந்தப் பங்குகள் ஏதாவது ஒரு பதவிக்கோ தொழிலுக்கோ உரியவை. பசிக்கு என்று அதில் பங்கு இல்லை. சால் தைக்கிறவருக்குப் பங்கு உண்டு. அவர் செத்து, கைக்குழந்தையோடு நிற்கும் அவர் மனைவிக்கு உண்டா என்று கேட்டால், வழக்கத்திடம் பதில் கிடையாது. இரக்கத்திடம்தான் கேட்க வேண்டும்.

அப்படி விடுபட்டவர்களுக்கு எஞ்சியவை சிந்தியதும் மிஞ்சியதும். நிலக்கடலை பறித்த காட்டில், குத்துச்செடியோடு வராமல் மண்ணில் தங்கிவிட்ட தப்புக்கடலையைக் கிளறிப் பொறுக்கப் பெண்களும் பிள்ளைகளும் இறங்குவார்கள். காட்டுக்காரர் கண்டும் காணாமல் இருப்பார், அல்லது விரட்டுவார். எது நடக்கும் என்பது அன்றுதான் தெரியும். வண்ணார் வீட்டுப் பெண்கள் இருட்டும் நேரத்தில் வீடு வீடாகப் போய் எடுத்த ராச்சோறு இன்னொன்று. சோளச்சோறும் கம்மஞ்சோறும் களியும் ஊற்றிய குழம்பும் ஒரே பாத்திரத்தில் கலந்து கிடக்கும். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) இந்தப் பக்கத்துக் கதை அல்ல. ஆனால் சோறு எடுக்கப் போகும் வாசலிலும் தானியம் கேட்டு நிற்கும் களத்திலும் ஒரு வண்ணாரப் பெண்ணுக்கு நேர்வதை அந்த நாவல் அளவுக்கு எந்த அரசாங்க அறிக்கையும் சொன்னதில்லை. அதில் வரும் ஆரோக்கியம் வழக்கம் உடைவதைக் கண்டு அழுகிறாள். கொடுக்காத புது மனிதர்களை விடக் கொடுத்த பழைய மனிதர்களே மேல் என்பது அவளுடைய கணக்கு. வாங்கியவர்களே பழைய ஏற்பாட்டுக்கு ஏங்கினார்கள் என்பதற்கு இதைச் சாட்சியாகக் காட்டலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேறு வழி திறக்காமல் இருந்த வழியும் அடைபடும்போது வரும் அழுகை அது.

நிலம் உள்ளவரிடமிருந்து இல்லாதவருக்கு இறங்கி வந்த இந்த வழிக்குப் பக்கத்திலேயே, சம நிலையில் உள்ளவர்களுக்குள் ஓடிய வழி ஒன்று இருந்தது. அதைப் பற்றி எழுத்து அதிகம் இல்லை, ஏனென்றால் அது முழுக்கப் பெண்கள் கையில் இருந்தது. அறுப்புக்கு முந்திய மாதங்களில் குதிர் காலியாகும்போது பக்கத்து வீட்டில் இரண்டு படி சோளம் கைமாத்தாக வாங்குவது, அறுத்ததும் அதே படியால் அதே மட்டத்துக்குத் திருப்பி அளப்பது. இதில் வட்டி கிடையாது. ஒன்றுக்கு ஒன்றேகால், ஒன்றரை என்று தானியத்துக்கே வட்டி போட்ட பெரிய வீட்டுக் கடனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கைமாத்தில் படி இரண்டு பேர் கையிலும் மாறி மாறி இருந்தது. இன்று அளந்தவள் அடுத்த ஆண்டு துண்டு விரிக்கலாம் என்பது இருவருக்கும் தெரியும். உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுச் சேர்க்கும் பிடியரிசிப் பழக்கமும் இந்த வகைதான். காஞ்சி மடமும் தென்மாவட்டத் திருச்சபைகளும் வினோபாவின் சர்வோதய இயக்கமும் வெவ்வேறு காலத்தில் இதை ஒரு திட்டமாகவே எடுத்து நடத்தின. இவர்கள் எல்லாரும் தேடிப் போனது அடுப்படிக்குத்தான், களத்துக்கு அல்ல.

கீரனூரைப் பேசும்போது மூன்றாவது ஒரு வழியையும் சேர்க்க வேண்டும். இந்த ஊரில் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. இஸ்லாமியச் சட்டம் விளைச்சல் மீது விதிக்கும் தானத்துக்கு அளவு உண்டு: வான் மழையில் விளைந்ததில் பத்தில் ஒன்று, உழைத்து நீர் இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒன்று. கவலை இறைத்த முதுகின் வலிக்குக் கழிவு கொடுக்கும் சட்டம் என்று இதைச் சொல்லலாம். காடும் தோட்டமுமாகப் பிரிந்து கிடக்கும் பழனிப் பக்கத்தில் இந்த வித்தியாசத்தின் நியாயம் எந்தச் சம்சாரிக்கும் உடனே புரியும். நோன்புப் பெருநாள் ஃபித்ராவுக்கும் அளவு தலைக்கணக்கு. பெருநாள் தொழுகைக்கு முன்பே உரியவர் கையில் சேர்த்துவிட வேண்டும், அன்றைக்கு யாரும் கேட்டு அலையக் கூடாது என்பது அதன் உள்நோக்கம். கொடுப்பவரும் வாங்குபவரும் அல்லாத வேறோர் இடத்தில் அளவைத் தீர்மானித்தது இதன் சிறப்பு. ஆனால் விதி மட்டும் ஏற்றத்தாழ்வைக் கரைத்துவிடவில்லை. இவ்வூர்க்காரரான கீரனூர் ஜாகிர்ராஜாவின் 'மீன்காரத் தெரு' நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும், ஒரே பள்ளிவாசலுக்குப் போகும் இரண்டு தெருக்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்று.

மேலிருந்து இறங்கிய வழிக்கும் அக்கம்பக்கத்து வழிக்கும் பொதுவாக ஒரு பலவீனம் இருந்தது. இரண்டுமே உள்ளூர் விளைச்சலை நம்பியவை. ஒரு வீட்டில் மாடு செத்தால், ஒரு காட்டில் பூச்சி விழுந்தால் அவை தாங்கும். மழையே பொய்த்தால் பொலி இல்லை. பொலி இல்லாவிட்டால் பங்கு இல்லை, கைமாத்துக் கொடுக்கப் பக்கத்து வீட்டிலும் ஒன்றும் இல்லை. எந்த ஆண்டில் உதவி அதிகமாகத் தேவைப்பட்டதோ அந்த ஆண்டில்தான் உதவி முதலில் நின்றது. 1876இல் பருவமழை தவறித் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் இதைக் கொடூரமாகக் காட்டியது. சென்னை மாகாணத்தில் மட்டும் முப்பது லட்சத்துக்கு மேல் இறந்திருப்பார்கள் என்பது பரவலான கணிப்பு. மதுரை மாவட்டத்திலிருந்து ஏராளமானோர் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு நடந்தார்கள். அந்தப் பஞ்சத்தில் குடியானவர்களின் மனநிலையை ஆராய்ந்த டேவிட் ஆர்னால்டு, தானியம் வைத்திருந்தவர்கள் கொடுத்தே ஆக வேண்டும் என்று பசித்தவர்கள் எதிர்பார்த்ததையும், அது பொய்த்தபோது கொள்ளையில் இறங்கியதையும் எழுதியிருக்கிறார். எதிர்பார்ப்பு இருந்தது உண்மை. எதிர்பார்ப்பு இருந்ததாலேயே ஏற்பாடு வேலை செய்தது என்று ஆகிவிடாது. கொள்ளை நடந்ததே அது வேலை செய்யவில்லை என்பதற்குச் சான்று.

வெள்ளைக்கார அரசு அப்போது படியைத் தன் கையில் எடுத்தது. அதனால் நிலைமை மேம்பட்டது என்று சொல்ல முடியாது. நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று, இந்திய அரசு பஞ்சத்தைக் கவனிக்க அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்தில் அளவைக் குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உடலுழைப்புக்குப் போதாது என்று கடுமையாக எதிர்த்த பிறகுதான், சில மாதங்களில் அளவு உயர்ந்தது. உண்மையிலேயே பசித்தவன்தானா என்று சோதிக்க, வீட்டிலிருந்து பத்து மைலாவது தள்ளி வேலை கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி. நடக்க முடியாதவர்களுக்குக் கஞ்சித் தொட்டி. களத்துக்காரராவது வாங்குகிறவர் முகத்தைப் பார்த்து அளந்தார். இங்கே முகமே வேண்டாம் என்று ஆனது. இந்த அனுபவத்திலிருந்து பஞ்ச விதித் தொகுப்புகள் 1880களில் பிறந்தன. அவற்றின் அளவுகள் கஞ்சத்தனமானவை; ஆனாலும் பசி வந்தால் அரசு பதில் சொல்ல வேண்டும் என்பது முதல்முறையாக எழுத்தில் ஏறியது.

அந்த எழுத்து ஓட்டாக மாறப் பல பத்தாண்டுகள் ஆயின. இரண்டாம் உலகப் போரில் வந்த ரேஷனை 1952இல் ராஜாஜி தளர்த்தினார். 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது. ஆட்சிக்கு வந்த அண்ணா சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி கொடுத்தார். களத்தில் அளக்கும் படி மேடையில் ஏறிய ஆண்டு அது. அந்த மேடையை மலிவான அரசியல் என்று ஒதுக்கியவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அளவைப் பற்றிப் பேச வாங்குகிறவருக்கு அதுவரை இடமே இருந்ததில்லை என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. அட்டைக்கு 20 கிலோ வரை, மிக ஏழைக் குடும்பத்துக்கு 35 கிலோ என்று அளவு ரேஷன் கடைச் சுவரில் எழுதியிருக்கிறது.

பள்ளி மதிய உணவில் இந்த மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் அது ஊர்க் கொடையாகத்தான் தொடங்கியது. 1950களின் பிற்பாதியில், காமராஜர் ஆட்சியில் கல்வித் துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார். பலகை, மணி, கரும்பலகையோடு தானியமும் காய்கறியும் ஊர்க்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு சாப்பாட்டுக்குப் பத்துப் பைசா என்று வைத்து, ஆறு பைசா அரசு, நாலு பைசா ஊர் என்று பிரித்தார்கள். நாலு பைசா நல்ல விளைச்சல் உள்ள ஊரில் ஓடியது, வறண்ட ஊரில் இழுத்துப் பறித்தது. களத்துப் பங்கின் அதே கோளாறு. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு ஊர்ப் பங்கை நம்பாமல் அரசுக் கணக்கில் நின்றது. நிதி எங்கிருந்து வரும் என்று அன்று கேட்டார்கள். மழை பெய்யாத ஆண்டிலும் பிள்ளைக்குச் சோறு விழுந்தது என்பதுதான் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்.

இதற்குள் களமும் மாறிவிட்டிருந்தது. கிணற்று மேட்டுக்கு மின்சார மோட்டார் வந்ததும் தோல் சாலுக்கு வேலை இல்லை. சாலுக்கு வேலை இல்லாததால் சால் தைத்தவருக்குப் பங்கும் இல்லை. ஊற்று இன்னும் ஆழத்துக்குப் போனபோது சிறு சம்சாரிக்கே தண்ணீர் இல்லாமல் போனது. ரேஷன் வந்ததால் களத்துப் பங்கு செத்தது என்று சிலர் சொல்வது வரிசையை மாற்றிச் சொல்வது. பங்கு பெரும்பாலும் முன்பே செத்துவிட்டது. ரேஷன் அந்தக் காலி இடத்துக்கு வந்தது. கோவை மாவட்டக் கிராமங்களை 1981–82இலும் மறுபடி 1996இலும் ஆராய்ந்த ஜூடித் ஹேயர், அரசின் உணவும் சத்துணவும் விவசாயக் கூலிகள் நிலக்காரர்களை அண்டி நிற்க வேண்டிய தேவையைக் குறைத்தன என்று கண்டார். பழனிப் பக்கமும் அதே நிலம், அதே உறவுகள்.

'இலவச அரிசி வந்த பிறகு காட்டு வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, சோம்பேறியாகிவிட்டார்கள்' என்ற புகார் எல்லா டீக்கடையிலும் கேட்கிறது. இதைச் சொல்கிறவர்களைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் அவர்களில் பாதிப் பேர் இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு கடனில் இருப்பவர்கள், அவர்கள் கஷ்டம் பொய் அல்ல. புகாரின் உள்ளே இருப்பதை மட்டும் பார்க்க வேண்டும். முன்பு ஆள் கிடைத்தது, ஏனென்றால் அன்றைய சோறு அன்றைய வேலையில் இருந்தது; கூப்பிட்ட கூலிக்கு வராவிட்டால் அடுப்பு எரியாது. இன்று அரிசி வீட்டில் இருப்பதால், கூலி படியாவிட்டால் திருப்பூருக்குப் பஸ் ஏற முடிகிறது. வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை, எந்த வேலைக்குப் போவது என்று தேர்ந்தெடுக்கிறார்கள். களத்துப் பங்கு எதைத் தடுத்து வைத்திருந்தது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரத்தை நான் தேடிப் போக மாட்டேன்.

அரசின் கைக்குப் போனதும் சாதி ஓடிவிட்டது என்று சொன்னால் அது பொய். 2018இல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரில் எதிர்ப்பு வந்து, வழக்குப் பதிவாகும் வரை போனது. ராச்சோறு காலத்தில் யார் சமைத்து யார் வாங்குவது என்ற திசை ஒன்றுதான். அந்தத் திசை திரும்பியபோதுதான் ஆத்திரம் வந்தது. ரேஷன் கடையிலும் கைரேகை விழாத முதியவர் திரும்பிப் போகிறார், எடை குறைகிறது, அரிசி கேரளாவுக்குக் கடத்தப்படுகிறது. இவை எல்லாம் குறைகள். ஆனால் குறை என்று சொல்லிக் கேட்க ஓர் இடமும், எழுதி வைத்த ஓர் அளவும் இருப்பதால்தான் அவை குறையாகவே தெரிகின்றன.

இன்றைய கீரனூர்ப் பக்கத்தில் இன்னொரு திருப்பம் நடந்திருக்கிறது. காடுகளில் இப்போது மக்காச்சோளம். அது உடுமலை, பல்லடம் கோழித் தீவன ஆலைகளுக்குப் போகிறது. வெள்ளைச் சோளத்தைப் பலர் நெருக்கி விதைத்து, மணி பிடிக்கும் முன்பே மாட்டுக்குத் தட்டாக அறுக்கிறார்கள். ஒரு காலத்தில் களத்தில் படி பிடித்த குடும்பமும் டெல்டா நெல்லில் அரைத்த ரேஷன் அரிசியைத்தான் வாங்கிப் பொங்குகிறது. 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்குப் பதில் அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் சோதனை தொடங்கியது. சோளத்துக்கும் கம்புக்கும் பழனி, ஒட்டன்சத்திரம் வட்டங்களில் அப்படி ஓர் ஏற்பாடு வந்தால், இந்தச் சமவெளியின் சம்சாரி மறுபடியும் உணவு கொடுக்கிறவராக முடியும், அளக்கும் கை அவருடையதாக இல்லாமலே. அதற்கு அரசு கொள்முதல் விலையாக, கோழித் தீவன ஆலை மக்காச்சோளத்துக்கும் மாட்டுக்காரர் பச்சைத் தட்டுக்கும் கொடுப்பதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். குறைத்துக் கொடுத்தால் யாரும் சோளத்தை மணி பிடிக்க விடமாட்டார்கள்.